குளிசைக்கும் பேர் போடுவோம்



சம்பளம், காணி, வீடு, இவற்றைப் பற்றித்தான் இந்தப் பத்திரிகையில் வழக்கமாக எழுதுகிறோம். இம்முறை ஒரு சின்னக் குளிசையைப் பற்றி எழுதுகிறேன். தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள் தினமும் காலையில் போடும் தைரொக்சின் குளிசை அது. நம்முடைய எத்தனையோ வீடுகளில், சாமிப் படத்துக்குப் பக்கத்திலோ கண்ணாடி அலுமாரியிலோ ஒரு கடதாசி உறைக்குள் அது இருக்கிறது. அதைப் போட வேண்டியவர் வயதானவராக, மறதி உள்ளவராக இருந்தால் என்ன செய்வது? “ஞாபகமாகப் போடுங்க அம்மா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவதைத் தவிர நாம் வேறென்ன செய்கிறோம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி உள்ளவரிடம் ஞாபகத்தைக் கேட்பது நியாயமில்லை. அந்தக் குளிசை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்ப்பது வீட்டின் பொறுப்பு. வீட்டில் ஆள் இல்லாத இடத்தில் அது அயலின் பொறுப்பு, சங்கத்தின் பொறுப்பு.

வன்னியில் இருக்கும் நம்மவர்கள்

பள்ளி விடுமுறைகளில் சங்க வேலையாக வன்னிக் கிராமங்களுக்குப் போய் வருகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நம் உறவுகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். 1958, 1977, 1983 வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்டவர்கள், 1970களில் தோட்டங்களில் பட்டினி தாங்காமல் இறங்கியவர்கள், எல்லோரும் காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். வவுனியாவில் காந்தீயம் அமைப்பு குடியேற்றங்களோடு வைத்திய உதவியையும் சேர்த்தே செய்தது. அதன் செயலாளராக இருந்தவர் ஒரு வைத்தியர், டொக்டர் இராஜசுந்தரம். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அகதியாக வந்தவனுக்குக் காணி மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தவர்கள் இருந்தார்கள்.

1977இல் இருபது வயதில் லொறியில் வந்து இறங்கியவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டார்கள். அவர்களுடைய வீடுகளில் வேலை செய்யும் வயதில் உள்ளவர்கள் பகலில் இல்லை. மகன் கொழும்பில், மகள் ஆடைத் தொழிற்சாலையில், இன்னொரு மகள் மத்திய கிழக்கில். கிழவனும் கிழவியும் பேரப்பிள்ளைகளுமே வீட்டில். தோட்டத்தில் என்றால் குறையோ நிறையோ ஒரு டிஸ்பென்சரி உண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென்று 1872இலேயே சட்டம் வந்தது. வன்னிக்குப் போன நம்மவர்களுக்கு அந்தத் தோட்ட ஏற்பாடும் இல்லை, கேள்வி கேட்க ஒரு துரையும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியும் பஸ்ஸும்தான். அதற்கு மேல் 2009. இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமுக்குப் போன வழியில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். எப்போதிருந்து இந்தக் குளிசையைப் போடுகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

இந்தக் குளிசை என்ன செய்கிறது?

கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே இருப்பது தைரொயிட் சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதில் சுரக்கும் தைரொக்சின் முடிவு செய்கிறது. அது குறைந்தால் எல்லாமே மந்தமாகும். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, உடம்பு ஊதுதல், யோசனை மெதுவாகுதல், மறதி. கடைசி இரண்டையும் கவனியுங்கள். மறதியால் குளிசை தவறுகிறது. குளிசை தவறுவதால் மறதி கூடுகிறது. வயதானால் இப்படித்தான் என்று நாம் விட்டுவிடும் சிலரிடம், மறதியில் ஒரு பகுதியாவது குளிசை ஒழுங்காகப் போடாததால் வந்ததாக இருக்கலாம். எல்லா மறதிக்கும் தைரொயிட்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக மறதி வந்தால் வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுரக்காததை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இந்தக் குளிசை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர் இந்த வருத்தத்தால் நலிந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைரொயிட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அந்த அம்மா அதைத் தொடர்ந்து எடுத்து, இன்னும் 28 வருடம் இருந்து, 74 வயதில்தான் கண்ணை மூடினார். இன்று ஆட்டுச் சாறு தேவையில்லை, சின்ன வெள்ளைக் குளிசை போதும். ஆனால் அன்றைக்கு இருந்த நிபந்தனை இன்றைக்கும் உண்டு. விடாமல் போட வேண்டும். சுகமாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. சுகமாக இருப்பதே குளிசை போடுவதால்தான்.

விட்டாலும் ஆபத்து, இரட்டித்தாலும் ஆபத்து

மறதி என்றால் குளிசை தவறிவிடும் என்று மட்டும் நினைக்கிறோம். மறதிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஐந்து மணிக்குப் போட்டதை மறந்து ஏழு மணிக்கு இன்னொன்றைப் போடுவது. அது பல நாள் தொடர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் கெடும், உடம்பு மெலியும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தவறும். அதிலிருந்து பாரிசவாதம் கூட வரலாம். எலும்பும் தேயும்.

இதைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இரத்தத்தில் ரி.எஸ்.எச். என்று ஒன்றைப் பார்ப்பார்கள். கொழுந்து குறைந்தால் துரையின் சத்தம் கூடுவதுபோல, உடம்பில் தைரொக்சின் குறைந்தால் மூளைக்கு அடியிலிருந்து வரும் இந்த ரி.எஸ்.எச். கூடும். அம்மா கிழமையில் மூன்று நாள் குளிசையை மறக்கிறார். ரி.எஸ்.எச். கூடிவிட்டது. வைத்தியர் கேட்கிறார், “குளிசை ஒழுங்காகப் போடுறீங்களா?” அம்மா ஓம் என்கிறார். பொய் சொல்லவில்லை, போட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம். வைத்தியர் அளவைக் கூட்டுகிறார். அடுத்த மாதம் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு நாள் விடாமல் கொடுக்கிறாள். இப்போது அம்மாவின் உடம்புக்குப் போவது தேவைக்கு அதிகமான மருந்து. யாரும் கெட்டது செய்யவில்லை. வைத்தியர் செய்ததும் சரி, மகள் செய்ததும் சரி. ஆனால் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது. காரணம், எத்தனை நாள் தவறியது என்ற கணக்கு யாரிடமும் இருக்கவில்லை.

ஆகவே கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள், “இந்த மாதம் ஏழெட்டு நாள் தவறிப் போச்சு” என்று. அதைச் சொன்னால் ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தால், ஏச்சுக்குப் பதிலாகக் கூடுதல் மருந்து கிடைக்கும்.

செக்ரோல் சொல்லும் பாடம்

வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுவார். அரை நாள் என்றால் அரைப் பேர். மாத முடிவில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் சம்பளம். “நான் இருபத்திரண்டு நாள் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு ஐயா” என்று சொல்லி எந்தத் தொழிலாளியும் சம்பளம் வாங்கியதில்லை. அதனால்தான் விவரமான பெண்கள் வீட்டுக் கலண்டரில் தாங்களும் ஒரு கோடு போட்டு வைத்தார்கள். கணக்கப்பிள்ளை ஒரு பேரை விட்டுவிட்டால் கலண்டரைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள்.

சம்பளத்துக்கு ஞாபகத்தை நம்பாத நாம் உயிருக்கு மட்டும் ஏன் நம்புகிறோம்? குளிசைக்கும் பேர் போடுவோம். அதற்கு நாலு காரியம் போதும்.

முதலாவது, கிழமைப் பெட்டி. ஏழு அறை உள்ள குளிசைப் பெட்டி டவுன் பாமசிகளில் கிடைக்கும். வாங்க வசதியில்லை என்றால் மூடியுள்ள ஏழு சின்னப் போத்தல்களில் ஞாயிறு முதல் சனி வரை எழுதி ஒட்டுங்கள். எழுத்து வாசிக்காதவருக்கு ஏழு நிறத் துணி கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருவர் மட்டும் அதை நிரப்ப வேண்டும். இன்று செவ்வாய், செவ்வாய் அறை காலி என்றால் குளிசை போட்டாயிற்று. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கலண்டர். குளிசை உள்ளே போன பிறகு கோடு. போடுவதற்கு முன்னால் கோடு போடக் கூடாது. கோடு போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டு நின்றுவிடுவார்.

மூன்றாவது, ஒரே ஆள். மகனும் கொடுப்பது, மருமகளும் கொடுப்பது, பேத்தியும் கொடுப்பது என்றால் ஒரு நாள் மூன்று பேரும் கொடுப்பார்கள், ஒரு நாள் யாருமே கொடுக்க மாட்டார்கள். ஒருவருக்குப் பொறுப்பு, அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவர் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளும் இதைச் செய்யலாம். காலையில் போன் எடுத்து, “சாப்பிட்டீங்களா” என்று கேட்பதற்கு முன்னால், “பெட்டியைக் காட்டுங்கம்மா” என்று வீடியோவில் பார்க்கலாம்.

நாலாவது, மிச்சக் குளிசையை ஒளித்து வைப்பது. மறதி கூடியவரின் கையெட்டும் இடத்தில் அன்றைய ஒரு குளிசைக்கு மேல் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் பூட்டில். பெரியவரை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது தடவை போட வழியில்லாமல் செய்கிறோம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் எடுத்து விழுங்காமல் இருக்கவும் அந்தப் பூட்டு வேண்டும். பிள்ளை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், உறையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் சந்தேகம் வரும். போட்டேனா, இல்லையா? பெட்டியும் கலண்டரும் பதில் சொல்லவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் வழக்கம்போல ஒன்று. உடம்புக்குள் போன தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை ஆகும். ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நேற்றுத் தவறியதற்காக இன்று இரண்டு போடுவதுதான் கூடாது. பல நாள் தொடர்ந்து தவறியிருந்தால் நீங்களாக ஈடுகட்டாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இரட்டித்துப் போட்டவருக்கு இதய வருத்தம் இருந்தாலோ, நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், தாளம் தவறிய படபடப்பு இருந்தாலோ 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

தேத்தண்ணிக்கு முன்னால்

நம் வீடுகளில் இந்தக் குளிசைக்குப் பெரிய எதிரி தேத்தண்ணிதான். எழும்பியவுடன் தேத்தண்ணி இல்லாமல் கண் திறக்காத சனம் நாங்கள். ஆனால் தேத்தண்ணி, கோப்பி, பால், சாப்பாடு, இவற்றோடு சேர்த்துப் போட்டால் குளிசை உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், தேத்தண்ணிக்குக் காத்திருக்க வேண்டும். எழும்பியவுடன் குளிசை, பிறகு முகம் கழுவி, முற்றம் கூட்டி, அடுப்பு மூட்டி, கேத்தல் கொதிக்க அந்த நேரம் சரியாகிவிடும். மறதி உள்ளவருக்கு மணிக்கூட்டை விட இந்த ஒழுங்குதான் உதவும். கேத்தலுக்குப் பக்கத்தில் அன்றைய குளிசை அறையை வையுங்கள். கேத்தலைத் தொடப் போகும் கை முதலில் குளிசையில் பட வேண்டும். அடுப்பின் சூடு படாத தூரத்தில் வைத்தால் சரி.

விடியற்காலையில் எல்லோரும் வேலைக்கு ஓடும் வீட்டில், இராத்திரி வீட்டில் ஆள் இருக்கும் என்றால், இராத்திரியில் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்கப் போகும்போது போடும் வழக்கமும் உண்டு. குளிசை கொடுக்க ஆளே இல்லாத சிலருக்குக் கிழமைக்கு ஒரு தடவை, ஒருவர் பார்த்திருக்கக் கொடுக்கும் முறையை வைத்தியர்கள் சில இடங்களில் கையாளுகிறார்கள். ஆனால் அது வைத்தியர் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. இதய வருத்தம் உள்ளவருக்கு ஆபத்தாகலாம். நீங்களாக ஏழு குளிசையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இரும்புச் சத்துக் குளிசை, கல்சியம் குளிசை, வயிற்றெரிவுக்குக் குடிக்கும் பால் மருந்து, இவற்றுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். இதை முக்கியமாகக் கர்ப்பிணித் தாய்மார் கவனிக்க வேண்டும். கிளினிக்கில் கிடைக்கும் இரும்பையும் கல்சியத்தையும் எல்லாம் ஒன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். தைரொக்சின் போடும் பெண் கர்ப்பமானால் உடனே வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்ல வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வன்னி வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் இந்தக் குளிசையைக் கெடுக்கும். தகரக் கூரைக்குக் கீழே இறப்பில் செருகுவதும் ஜன்னலில் வைப்பதும் கூடாது. வீட்டில் குளிர்ச்சியான, காய்ந்த, இருட்டான இடம் எதுவோ அங்கே வையுங்கள். அட்டையில் வந்த குளிசையை ஒரு கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் பிரியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தைரொயிட் கூடுதலாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் காபிமசோல் வேறு மருந்து. நான் மேலே சொன்ன விதிகள் அதற்குப் பொருந்தாது. அதைப் போடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். ‘எனக்கும் தைரொயிட்தான்’ என்று ஒருவர் குளிசையை மற்றவர் வாங்கிப் போடுவது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

இரண்டு வீடு, இரண்டு கொப்பி

மலைநாட்டுக்கும் வன்னிக்கும் இடையில் நம் குடும்பங்கள் பிரிந்து கிடப்பதால் வரும் பிரச்சினை இது. அப்பாயி நாலு மாதம் கிளிநொச்சியில் மகன் வீட்டில், நாலு மாதம் தோட்டத்தில் மகள் வீட்டில். இரண்டு இடத்திலும் கிளினிக், இரண்டு இடத்திலும் கொப்பி. ஒரு கொப்பியில் 50 மைக்ரோகிராம், மற்றதில் 100. பையில் இரண்டு உறையும் இருக்கும். குளிசைகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். 50 குளிசை இரண்டு போடச் சொன்ன பழக்கத்தில் 100 குளிசையையும் இரண்டு போட்டவர்கள் இருக்கிறார்கள். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் பாமசியில் கிடைத்ததை வாங்கினார்கள். அந்த மிச்சங்களும் இன்னும் பைகளில் கிடக்கின்றன.

ஆள் எங்கே போனாலும் ஒரே கொப்பி கூடப் போக வேண்டும். அதன் முதல் பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மைக்ரோகிராம், எத்தனை குளிசை, எந்த நேரம், கடைசியாக ரி.எஸ்.எச். பார்த்த திகதி. அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். வெள்ளம் வந்தாலும் கொப்பி தொலைந்தாலும் படம் இருக்கும். குளிசையின் நிறமோ அட்டையோ மாறினால், போடுவதற்கு முன் கொடுத்தவரிடம் அளவைக் கேளுங்கள். அளவு மாறினால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் இரத்தம் பார்க்க வேண்டும். பழைய உறைகளை வீட்டில் வைத்திருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி ஒப்படையுங்கள்.

பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியராக இதைச் சொல்ல வேண்டும். வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் நாலாம் வகுப்புப் பிள்ளை மட்டும் என்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உறையை வாசிப்பது அந்தப் பிள்ளை, கிளினிக்குக்குத் துணை போவதும் அந்தப் பிள்ளை. கிளினிக் நாளில் பள்ளிக்கு வராத பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிள்ளை கலண்டரில் கோடு போடட்டும், பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கட்டும். அது நல்ல பழக்கம். ஆனால் பெட்டியை நிரப்பும் பொறுப்பும், குளிசை தவறினால் ஏச்சு வாங்கும் பொறுப்பும் பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். ஒரு நாள் பாட்டிக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாரத்தை அது ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

இது சங்க வேலையா?

சில தோழர்கள் கேட்பார்கள், குளிசைக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகிறது. பேர் போகும் என்பதற்காகத்தான் அம்மாவை அழைத்துப் போக வேண்டிய மகள் போகாமல் நிற்கிறாள். அம்மா தனியே போகிறார், வைத்தியர் சொன்னதில் பாதியை மறந்து வருகிறார். இது சம்பளப் பிரச்சினை இல்லையா? உறையில் இரண்டு கோடும் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார்கள். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லியாயிற்று. “காலையில், வெறும் வயிற்றில், ஒன்று” என்ற நாலு சொல் இன்னும் பல உறைகளுக்கு வந்து சேரவில்லை. இது உரிமைப் பிரச்சினை இல்லையா?

ஆகவே சங்கம் மூன்று கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, வயதான பெற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளுக்கு, கிளினிக் கொப்பியைக் காட்டினால் அரைப் பேராவது போட வேண்டும். இரண்டு, தோட்ட டிஸ்பென்சரியாகட்டும் வன்னியின் கிராம ஆஸ்பத்திரியாகட்டும், குளிசை உறையில் அளவும் நேரமும் தமிழில் எழுதப்பட வேண்டும். வாசிக்காதவருக்குச் சூரியன், நிலா என்று படமாவது வேண்டும். மூன்று, நிலையான அளவில் இருப்பவர்களுக்குக் குளிசையைக் கிட்டிய ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க வேண்டும். ஒரு சின்ன உறைக்காக எழுபது வயது மனுசி இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டிய நிலை மாற வேண்டும்.

அதற்காகக் கோரிக்கை வெல்லும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாதர் அணி இந்த மாதமே தொடங்கலாம். ஒவ்வொரு லயத்திலும், வன்னியில் ஒவ்வொரு வீதியிலும், தனியாக இருக்கும் வயதானவர் யார், தினக் குளிசை போடுபவர் யார் என்று, அவர்களுடைய சம்மதத்தோடு, ஒரு பட்டியல் எடுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். காலையில் தண்ணீருக்குப் போகும்போது ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தால் போதும். சங்கக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பெட்டி நிரப்பும் நாளாக வைத்துக்கொண்டால் கூட்டத்துக்கும் ஆள் சேரும்.

மறதி உள்ளவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். “எத்தனை தரம் சொல்றது” என்று கத்தினால், அடுத்த தடவை மறந்தாலும் போட்டேன் என்றுதான் சொல்வார். பயத்தில் சொல்லும் அந்த ஓம் என்ற சொல்தான் கடைசியில் தப்பான அளவாகக் கொப்பியில் ஏறுகிறது. “வாங்க, பெட்டியைப் பார்ப்போம்” என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். நம்மை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தவர்கள், காடு வெட்டி வீடு கட்டியவர்கள் அவர்கள். ஒரு நாள் வேலையும் தவறவிடாத அவர்களுக்கு ஒரு நாள் குளிசையும் தவறாமல் பார்ப்பது நம்முடைய முறை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தன் பகுதிப் பட்டியலோடு வாருங்கள். மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதி அனுப்புவதை அங்கேயே பேசி முடிப்போம்.